கொடைக்கானலில் ஒரு கரி அடுப்பு

கொடைக்கானல் என்றதும் உங்களுக்கு ஏரியும், படகும், பேரிக்காயும் நினைவுக்கு வரும். எனக்கு இனிமேல் ஒரு கரி அடுப்புதான் நினைவுக்கு வரும். சிரிக்காதீர்கள், முழுக்கப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

போன டிசம்பரில் பிள்ளைகளுக்கு அரைப் பரீட்சை லீவு விட்டதும், "எத்தனை நாளைக்குத்தான் மதுரை வெயிலிலேயே கிடப்பது? ரெண்டு நாள் மலைக்குப் போய்ட்டு வருவோம்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருவது குறிஞ்சிப் பூ பூக்கிற மாதிரி! உடனே பிடித்துக்கொண்டேன். நாங்கள் நாலு பேர், மாமியார், கொழுந்தனார், ஓரகத்தி, அவர்களுடைய இரண்டு வயதுக் குட்டிப் பையன், ஆக எட்டுப் பேர் ஒரு வேனில் கிளம்பினோம். 2024 மே மாதம் வந்த இ-பாஸ் விஷயத்தை மகள் கைபேசியிலேயே முடித்துவிட்டாள்.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் மாமியார் எலுமிச்சம்பழத்தை மூக்கிலேயே வைத்துக்கொண்டு வந்தார். வெள்ளி அருவியில் இறங்கிக் கால் நீட்டினோம். அங்கிருந்து 8 கிலோமீட்டரில் ஊர். ஏறத்தாழ 7000 அடி உயரம் அல்லவா, வேனை விட்டு இறங்கியதுமே பல் தந்தியடித்தது.

ஏரியைச் சுற்றி நடந்தோம். 1863-இல் லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி கரை கட்டி உண்டாக்கிய ஏரியாம் அது. நட்சத்திர வடிவம் என்கிறார்கள். நடந்து போகிறவர்களுக்கு அது தெரியாது, கால் வலிதான் தெரியும்! வழியில் ஒரு அம்மாள் சோளக்கதிர் சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். அடுப்பு என்று சொல்ல ஒரு சின்ன இரும்புச் சட்டி, அதில் இரண்டு கை கரி, மேலே ஒரு கம்பி வலை, கையில் ஒரு விசிறி. அவ்வளவுதான். ஒரே நேரத்தில் இரண்டு கதிர்தான் போட்டாள். நாங்கள் எட்டுக் கதிர் கேட்டுவிட்டுக் குளிரில் நின்றோம்.

"ஏம்மா, கொஞ்சம் பெரிய அடுப்பா வச்சா சட்டுன்னு முடியுமே?" என்று கேட்டேன்.

"பெரிய அடுப்பு வச்சா கரி வாங்கியே காசு கரைஞ்சு போகும்மா. வர்றவுக ரெண்டு கதிருதான் கேக்குறாக. ரெண்டு கதிருக்கு எதுக்கு அண்டா நெருப்பு?" என்று சொல்லிவிட்டு, கதிரைத் திருப்பி, எலுமிச்சை மூடியில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தேய்த்தாள். ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. ஆனால் அவள் சொன்னதை அன்றைக்கு நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

நாங்கள் தங்கிய வீட்டில் ராத்திரிக்குப் பார்பிக்யூ உண்டு என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். இப்போது மலையில் தங்குகிற இடங்களில் பல இடங்களில் இது சகஜமாகிவிட்டது. தோட்டத்தில் பாதியாக அறுத்த டிரம் மாதிரி, மூன்றரை அடி நீளத்தில் ஒரு இரும்பு அடுப்பு. பையன்களுக்கு ஒரே கும்மாளம். அங்கிருந்த வேலையாள் 5 கிலோ கரி மூட்டையை அப்படியே கவிழ்த்துவிட்டுப் போனார். நாங்கள் சுட வைத்திருந்ததோ 2 கிலோ கோழி, கொஞ்சம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மாமியாருக்காக நாலு கத்தரிக்காய். அடுப்பில் பாதிகூட நிறையவில்லை. கரியோ நுனி முதல் அடி வரை பிடித்து எரிந்தது. கோழி வெளியே கருகி உள்ளே வேகாமல் நின்றது. ஒதுக்கி வைக்கலாமென்றால், தணல் இல்லாத இடமே அடுப்பில் இல்லை.

எப்படியோ சாப்பிட்டு முடித்தோம். மணி ஒன்பதரை. கங்கு அப்படியே தகதகவென்று கிடக்கிறது, புகை துளிகூட இல்லை. மாமியார் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். "இவ்வளவு கங்கு வீணாப் போகுதே" என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். ஒரு இரும்புச் சட்டியில் கங்கை வாரி, மாமியாரும் ஓரகத்தியும் குழந்தையும் படுக்கிற அறையில் கொண்டுபோய் வைத்தவளும் நான்தான். எங்கள் அம்மா வீட்டில் பிள்ளை பெற்ற அறையில் சாம்பிராணிக்குக் கங்கு வைப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவள். அதிலே தப்பு எதுவும் என் புத்திக்குப் படவில்லை. காற்று வராமலிருக்க ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துண்டைக்கூடச் செருகிவிட்டு வந்தேன். அதே கொடைக்கானலில் 2024-இல் அறைக்குள் வைத்த பார்பிக்யூ அடுப்பால் இரண்டு இளைஞர்கள் இறந்துபோன செய்தியைப் பேப்பரில் படித்தவள்தான் நான். படித்தது வேறு, கை செய்தது வேறு.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். குழந்தை வீறிட்டு அழுகிற சத்தம். ஓரகத்தி கதவைத் திறந்துகொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, தலை வெடிக்குது, கால் நிக்க மாட்டேங்குது" என்றாள். குழந்தை வாந்தி எடுத்திருந்தான். மாமியாரைக் கூப்பிட்டால் கண்ணைத் திறக்காமல் "ம்... ம்..." என்றார். கொழுந்தனாரும் என் வீட்டுக்காரரும் அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். வேனிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த வளைவுப் பாதையில், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நான் வேண்டாத தெய்வமில்லை.

மூன்று பேருக்கும் முகத்தில் ஆக்ஸிஜன் மாட்டினார்கள். விடிகிற நேரத்தில்தான் மாமியார் என்னைப் பார்த்து, "காப்பி கிடைக்குமாடி?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

டாக்டர் அம்மா என்னைத் திட்டவில்லை, உட்கார வைத்து விளக்கினார். கரி எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கிற சிவப்புப் பொருளோடு, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் மூச்சு விட்டும் உடம்புக்கு ஆக்ஸிஜன் போய்ச் சேராது. முதலில் தலைவலி, பிறகு மயக்கம், குமட்டல், தூக்கம். தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். "புகை இல்லையே என்றுதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். புகையில்லாத கங்கும் அந்த வாயுவை விட்டுக்கொண்டேதான் இருக்கும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தாலும் நம்ப முடியாது. கர்ப்பிணிக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் இது இன்னும் ஆபத்து" என்றார்.

மறுநாள் பூம்பாறை போய்ப் பூண்டு வாங்க வேண்டும், கோக்கர்ஸ் வாக்கில் நின்று மேகம் பார்க்க வேண்டும் என்று போட்ட திட்டமெல்லாம் போயிற்று. சாயங்காலம் எல்லோரும் தெளிந்த பிறகு ஏரிப் பக்கம் மட்டும் ஒரு நடை போனோம். அதே சோளக்காரம்மா கடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். மிச்சம் இருந்தது ஒரு கைப்பிடி கங்கு. அதில் தண்ணீரைத் தெளித்து, கிளறி, மறுபடியும் தெளித்தாள். "வீட்டுக்குக் கொண்டு போய்க் குளிர் காயலாமே?" என்று வேண்டுமென்றே கேட்டேன். "ஐயோ, நெருப்பை உள்ள வச்சுப் படுக்கிறதா? எங்க ஆத்தா அடிச்சே போட்டுருக்கும்!" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

ஊர் திரும்பியதும் இனிமேல் கரி அடுப்பே வேண்டாம் என்றுதான் இருந்தேன். மகன் விடவில்லை. "அடுப்பு மேல என்னம்மா தப்பு? மொட்டை மாடியில வச்சா என்ன?" என்றான். யோசித்துப் பார்த்தேன். கங்கு மிச்சமானதால்தானே அதை உள்ளே கொண்டுபோகும் புத்தி வந்தது? கங்கு மிச்சமானது அடுப்பு பெரிதாக இருந்ததால். சாப்பாடு முடிகிறபோது நெருப்பும் முடிகிற அளவுதான் வீட்டுக்குச் சரியான அளவு.

கடைக்குப் போனோம். மூடி போட்ட வட்ட அடுப்புகள் 14, 18, 22 அங்குலக் குறுக்களவுகளில் இருந்தன. மகன் 22-இல் கை வைத்தான். நான் ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்து, பழைய செய்தித்தாளில் மூன்று அளவிலும் வட்டம் வெட்டித் தரையில் போட்டேன். ஒவ்வொரு வட்டத்தையும் நடுவில் கோடு போட்டுப் பாதியாக்கினேன். ஒரு பாதிக்குக் கீழே கங்கு. மறுபாதிக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது, கருகுவதை அங்கே தள்ளி வைக்கத்தான் அந்த இடம். பிறகு எங்கள் நாலு பேருக்கு வேண்டிய கதிர், கத்தரிக்காய், கோழித் துண்டுகளை விரல் இடைவெளி விட்டு அடுக்கினேன். 14-இல் இரண்டு மூன்று பேருக்குத்தான் இடம். 22-இல் எட்டுப் பேருக்குச் சமைக்கலாம். 18 எங்களுக்குக் கச்சிதம்.

"விருந்தாளி வந்தா?" என்றான் மகன். "கல்யாண வீட்டிலேயே முதல் பந்தி, ரெண்டாம் பந்தி உண்டு. நம்ம வீட்டில் இருக்கக் கூடாதா?" என்றேன். வருஷத்தில் இரண்டு நாள் வருகிற விருந்தாளிக்காக மிச்ச நாளெல்லாம் கரியைக் கொட்டுவானேன்? இப்போது ஒரு தடவைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கரி செலவாவதில்லை.

வாங்க நினைக்கிற சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

1. வீட்டில் தினமும் இருக்கிற தலைகளை எண்ணி அளவு பாருங்கள். வரப்போகிறவர்களை எண்ணாதீர்கள்.

2. அடுப்பை வைக்கப் போகும் இடத்தையும் அளந்து பாருங்கள். சுற்றிலும் மூன்று அடியாவது காலியாக இருக்க வேண்டும். துணிக்கொடி, கீற்றுப் பந்தல், மூடிய பால்கனி ஆகாது.

3. கங்குக்கும் கம்பி வலைக்கும் நாலைந்து அங்குல இடைவெளி இருக்கட்டும். வலை உயரத்தில் உள்ளங்கையைக் காட்டி நாலு எண்ணும் வரை தாங்கினால் பதமான சூடு. இரண்டிலேயே கையை இழுத்தால் கோழி கருகும்.

4. மூடியும், காற்றுத் துளைகளை அடைக்கும் வசதியும் உள்ளதாக வாங்குங்கள். முடிந்ததும் எல்லாவற்றையும் அடைத்தால் நெருப்பு அணைந்துவிடும், மிச்சக் கரி அடுத்த முறைக்கு ஆகும்.

5. கால்கள் ஆடாமல் நிற்கிறதா என்று அசைத்துப் பாருங்கள். குட்டிப் பிள்ளைகள் ஓடுகிற வீடு என்பதை மறக்க வேண்டாம்.

6. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைக்காதீர்கள். கரிமேல் வெள்ளைச் சாம்பல் படிய 20 நிமிஷம் முதல் அரை மணி பொறுத்தால் போதும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். சாம்பலை மறுநாள்தான் கொட்ட வேண்டும், அதுவும் பிளாஸ்டிக் கூடையில் அல்ல.

7. யாருக்காவது தலைவலி, மயக்கம் என்றால் முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

போன வாரம் மொட்டை மாடியில் கத்தரிக்காய் சுட்டு, என் மாமியாரே கொத்சு செய்தார். சாப்பிட்டு முடித்ததும் நான் மூடியை அடைத்தேன். "அணைஞ்சுதா? நல்லாப் பாரு" என்று படியில் நின்றுகொண்டு கேட்டார். பார்த்தேன். இன்னொரு தடவையும் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.

கொடைக்கானலுக்குக் கட்டாயம் போய் வாருங்கள் சகோதரிகளே. குளிருக்கு இன்னும் இரண்டு கம்பளி எடுத்துப் போங்கள். கங்கை மட்டும் வாசலோடு விட்டுவிடுங்கள்.