பதினாலு கால் விருந்தாளிகள்

அப்பா போனப்புறம் கும்பகோணம் வீட்டை வித்தாச்சு. அங்கிருந்து புனேவுக்கு நான் கொண்டு வந்தது ரெண்டே ரெண்டு. அப்பாவோட கைக்கடிகாரம், கொல்லையில இருந்து மண்ணோட பெயர்த்த ஒரு கறிவேப்பிலைக் கன்று. போன மாசம் அந்தச் செடி மஞ்சளாகி இலை உதிர்க்க ஆரம்பிச்சது. தொட்டியை நகர்த்தினா, அடியில ஒரு கூட்டமே சிதறி ஓடுது!

இதுங்கதான் வேரைத் திங்குதுன்னு தீர்ப்பெழுதி, பூச்சி மருந்தைக் கையில எடுத்துட்டேன். தங்கமணி தடுத்தாங்க. "அந்த இலையைத்தானே ரசத்துல போடறோம்? முதல்ல அது என்னன்னு பாருங்க." ரைட்டு.

கல்லூரியில விலங்கியல் நடத்துற நண்பனுக்குப் படம் அனுப்பினேன். போர்செல்லியோனிடிஸ் புரூயினோசஸ்னு பதில் வந்துச்சு. (பேர் பூச்சியை விட நீளம்.) பூச்சின்னு சொன்னதே தப்பாம். இறால், நண்டு வகையறா. ஏழு ஜோடிக் கால், ஒரு சென்டிமீட்டரை ஒட்டின நீளம். உடம்பு பழுப்பும் ஊதாவும் கலந்த நிறம். அதுமேல விபூதி பூசின மாதிரி நீலச் சாம்பல் பொடி. விரல் பட்டா அந்தப் பொடி போயிடும். கால்கள் வெளுப்பு. இதோட சொந்தக்காரங்க சிலபேர் தொட்டதும் உருண்டையா சுருண்டுக்குவாங்க, இது ஓட்டம்தான். மூச்சுக்கு ஈரம் வேணும், அதான் தொட்டியடி வாசம். அம்மா முட்டைகளை வயித்துக்கடியில பையில சுமக்குமாம்.

1833-ல பிராண்ட்ங்கிற விலங்கியலாளர் இதுக்குப் பேர் வெச்சார். பூர்வீகம் மத்தியதரைக் கடல் பக்கம். மனுஷன் கொண்டு போன செடி, மண், எருவோட ஒட்டிக்கிட்டே அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டத்துக்கும் போயிடுச்சு.

"அப்போ இது எங்க கும்பகோணத்து மண்ணோட வந்ததா?"ன்னு ஆசையா கேட்டேன். "இங்க நர்சரியில வாங்கின எருவோடவும் வந்திருக்கும்டா. மூஞ்சியைப் பார்த்து ஊர் சொல்ல முடியாது"ன்னான். கொஞ்சம் ஏமாத்தம்தான்.

செடியைக் கெடுத்தது அதுங்க இல்ல, நான். தினம் ரெண்டு வேளை தண்ணி ஊத்தி வேரை அழுக வெச்சிருக்கேன். அதுங்க தின்னது அழுகின இலையை. இளநாத்தைக் கடிக்கிறதும் உண்டாம், ஆனா இங்க நாத்து ஏது?

அழுகின வேரை வெட்டிட்டுப் புதுத் தொட்டிக்கு மாத்தினேன். பழைய மண்ணைக் கொட்டிடுங்கன்னாங்க தங்கமணி. ரெண்டு கைப்பிடி மட்டும் எடுத்துப் புதுத் தொட்டியில போட்டேன். அதுல நாலஞ்சு பேர் ஓடினாங்க. நேத்து பார்த்தா ஒரு துளிர்.