ஆறு குளிசைகள்

கல்முனைப் பிரதான வீதியிலே, மஃரிப் தொழுகை முடிந்த வேளையில், மருந்துக்கடையொன்றின் முன்னே சற்று நின்று பாருங்கள். வலை இழுத்துக் கை கிழிந்தவர் வருவார். மருதமுனைத் தறியிலிருந்து எழுந்த நெசவாளி வருவார். காய்ச்சலோ தடிமலோ காற்புண்ணோ, கேட்பது ஒன்றுதான்: சிவப்பும் மஞ்சளுமான அமொக்சிசிலின் குளிசை ஆறு. வைத்தியரின் துண்டின்றி அதனை விற்கலாகாது என்பது சட்டம். சட்டம் கொழும்பிலே இருக்கிறது; கடை இங்கே இருக்கிறது.

நாமும் அவ்வாறே வாங்கினோம். 2022இல், நீரிழிவுக்காரரான எமது வாப்பாவின் காலை மட்டி ஓடு வெட்டியபோது, கடையில் நின்ற பழைய மாணவன், "ஆறு காணுமா சேர்?" என்றான். காணும் என்றோம். வீக்கம் வற்றியதும் மீதி இரண்டை அலுமாரியில் வைத்தோம், உம்மாவின் தடிமலுக்கு உதவட்டும் என்று. தடிமல் வைரசினால் வருவது, அதற்கும் இக்குளிசைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பதைப் பின்னரே அறிந்தோம்.

புண் ஆறவில்லை. வெளியூர் ஆஸ்பத்திரியொன்றில் இரு விரல்களை அகற்றினார்கள். ஐந்தாம் நாள் அறுவைக் காயத்தில் சீழ் கண்டது. ஆய்வுகூடத்துத் தாளில் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக நின்றன. ஏறக்குறைய ஒவ்வொன்றின் எதிரிலும் 'எதிர்ப்பு' என்ற குறி. கிருமியின் பெயர் அசினெற்றோபக்டர். புதிய மருந்து அவசரமாகத் தேவைப்படும் பற்றீரியாக்களின் பட்டியலை 2017இல் வெளியிட்ட உலகச் சுகாதார நிறுவனம், கார்பபெனெம் மருந்துகளுக்கும் அடங்காத இதன் வகையை முதல் வரிசையில் வைத்தது. உலர்ந்த கட்டிற் சட்டத்தில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். கழுவாத கையில் ஏறி அடுத்த கட்டிலுக்குப் போகும். அந்த வாட்டிலோ நோயாளர் பாயிலும் கிடந்தனர்; தண்ணீர்க்குழாய் ஒன்று, சவர்க்காரம் இல்லை. தாதியரை நாம் குறை சொல்லோம். அவர்களுக்கும் இரண்டு கைகளே.

பொருளாதார நெருக்கடியால் ஆஸ்பத்திரிகளில் மருந்து அருகியிருந்த ஆண்டு அது. சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியதென்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்ட கொலிஸ்டின்தான் எஞ்சியிருந்தது. அதனை வெளியிலே வாங்க உம்மாவின் காப்புகள் அடகுக்குப் போயின. வாப்பா பிழைத்தார், முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை.

எமது குளிசைகளா அக்கிருமியை வளர்த்தன? அப்படிச் சொல்ல முடியாது. பெரும்பாலும் வாட்டிலேயே அது அவரைப் பற்றியிருக்கும். வாட்டுக்கு அது எங்கிருந்து வந்தது? வீடுகளில், கோழிப்பண்ணைகளில், ஆஸ்பத்திரிகளிலேயே தேவைக்கு மேல் எழுதப்படும் துண்டுகளில், மருந்து படும்போதெல்லாம் மெலியவை மடிகின்றன. வலியவை மிஞ்சிப் பெருகுகின்றன. எதிர்க்கும் திறனைப் பிற இனப் பற்றீரியாக்களுக்கும் கைமாற்றிக் கொடுக்கின்றன.

பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங், 1945 டிசம்பரில் ஆற்றிய நோபல் உரையில் ஒரு கற்பனைக் குடும்பத்தின் கதையைச் சொன்னார். தொண்டை நோவுக்குக் கணவன் தானே பெனிசிலின் வாங்கிப் போதாத அளவு உட்கொள்கிறான், கிருமி சாகாமல் பழகிக்கொள்கிறது, மனைவியைத் தொற்றுகிறது, மருந்து பலிக்காமல் அவள் இறக்கிறாள். குற்றவாளி கணவனே என்பது பிளெமிங்கின் தீர்ப்பு.

அவ்வறிஞரோடு நாம் இங்கே பிணங்குகிறோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லை. ஆனால் வரிசையில் ஒரு நாள் போய்விடும். அந்த ஒரு நாள் தோணிக்காரனுக்கு ஒரு நாட் சோறு. தனியார் வைத்தியருக்குக் கொடுக்கவோ கையில் இல்லை. ஆறு குளிசைக்கு மட்டுமே இருக்கிறது. அவனை எந்தக் கூண்டில் ஏற்றுவது? மாதச் சம்பளம் வாங்கும் எமக்கு அந்தச் சாட்டும் இல்லை என்பது வேறு.

சென்ற வாரம் எமது மகனுக்குத் தடிமல். கடைப்பக்கம் போய், வெறுங்கையோடு திரும்பினோம். முற்றத்துக் கதிரையில் இருந்த வாப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மகன், குளிசை வாங்கல்லியா?"