கப்பல் பார்க்கப் போன நாள்

எங்கள் வேலைத்திட்டங்களில் ‘அனுபவப் பகிர்வுப் பயணம்’ என்று ஒன்று உண்டு. வன்னியிலிருந்து இருபது பெண்களை ஒரு வாகனத்தில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுவருவோம். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை, நூதனசாலை, கடைசியாகக் காலிமுகத்திடல். அங்கே அரை மணித்தியாலம் விட்டு, பிறகு தலைகளை எண்ணி ஏற்றிக்கொண்டு திரும்புவோம். எங்கே போக விருப்பம் என்று யாரிடமும் நாங்கள் கேட்டதில்லை.

அப்படியொரு பயணத்தில் புதுக்குடியிருப்பைச் சேர்ந்த ஓர் அக்கா, “தங்கச்சி, கொட்டாஞ்சேனைப் பக்கம் போகமாட்டமோ? துறைமுகத்தில கப்பலும் பாக்கலாம்” என்று கேட்டார். நேரமில்லை என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

கடந்த மாசி மாதம் அதே அக்கா ஒரு பத்திர அலுவலாகத் தனியே கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். போன அலுவலகத்தில் “நாளைக்கு வாங்கோ” என்று சொல்லிவிட்டார்கள். ஒரு முழுநாள் கையில் மிஞ்சியது. நானும் பயிற்சியொன்றுக்காகக் கொழும்பில் நின்றேன். “வானும் வேண்டாம், ஓட்டோவும் வேண்டாம், ரெண்டு பேருமாப் போவம்” என்றார். “ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லாமலோ?” என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

வெள்ளவத்தைப் புகையிரத நிலையம் கடற்கரையிலேயே இருக்கிறது. அலுவலகக் கூட்டம் குறைந்த பிறகு, ஒன்பதரை மணிக்குப் பின்னர் போவது நல்லது. கோட்டைக்கு மூன்றாம் வகுப்பு ரிக்கட் எடுத்து இடப்பக்க ஜன்னலில் இருந்தால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி வரைக்கும் கடல் கூடவே வரும். அக்கா அந்தக் கால் மணித்தியாலமும் ஒரு வார்த்தை பேசவில்லை. நந்திக்கடலுக்குப் பக்கத்து ஊரவருக்குக் கடல் புதிதல்ல. நானும் எதையும் கேட்கவில்லை.

கோட்டையில் இறங்கி யோர்க் வீதி வழியே நேரே நடந்தால் முடிவில் பழைய கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டல், அதற்கு அப்பால் துறைமுகம். ஒருகாலத்தில் பெருங்கப்பல்கள் காலித் துறைமுகத்துக்குத்தான் வந்தன. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட அலைதாங்கி கட்டி முடிந்த பின்னரே அவை கொழும்புக்கு மாறின. நாங்கள் போன அன்று ஒரு வெள்ளைக் கப்பல் நின்றது. மதிலுக்கு மேலால் அதன் மேல்தட்டுகள் மாத்திரம் அடுக்குமாடிபோலத் தெரிந்தன. பயணிகளில் பலர் சட்டையில் இலக்கம் ஒட்டிக்கொண்டு குளிரூட்டிய பஸ்களில் ஏறினார்கள். “பார், அவையையும் எண்ணித்தான் ஏத்தினம்” என்று அக்கா சிரித்தார்.

ஆனால் வயதான இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் மாத்திரம் கையில் ஒரு வரைபடத்துடன் நடந்து போனார்கள். கப்பல்காரர் ஒழுங்குசெய்யும் சுற்றுலாவில் போனால் பஸ் பிந்தினாலும் கப்பல் காத்துநிற்கும். தனியே போகிறவர்களுக்காக நிற்காது. அதனால் அவர்கள் புறப்படும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு மணித்தியாலம் முன்னதாகவே திரும்பிவிடுவார்கள். வேறு பெரிய வித்தை எதுவும் அதில் இல்லை. 2023 ஜூனில் சென்னையிலிருந்து ‘எம்பிரஸ்’ என்ற சுற்றுலாக் கப்பல் எங்கள் காங்கேசன்துறைக்கும் வந்தது. அதைச் சொன்னபோது அக்கா, “எங்கட ஊரை அவை வந்து பாக்கினம். நாங்கள் போய்ப் பாக்க ஒரு ஊர் இல்லையோ?” என்றார்.

கான் மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டிப் புறக்கோட்டைப் பிரதான வீதிக்குள் நுழைந்தோம். நெரிசல்தான். கைப்பையை முன்பக்கம் பிடித்துக்கொள்ளவேண்டும். இரண்டாம் குறுக்குத் தெருவில் 1909இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசல். கப்பலில் வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் கொழும்பை அடையாளம் கண்டார்கள் என்று சொல்வார்கள். செட்டியார் தெரு நகைக்கடைகளை அக்கா திரும்பிப் பார்க்கவேயில்லை. கதிரேசன் கோயில் வாசலில் மட்டும் நின்று கும்பிட்டார்.

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் பையைச் சோதிப்பார்கள். காவலர் கையை நீட்டியதும் அக்கா தன்னையறியாமல் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அது தேவையில்லை என்று காவலர் தலையசைத்த பிறகும் அதை உள்ளே வைக்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. 2019 ஏப்ரல் 21இல் இங்கே குண்டு வெடித்தது. இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். அக்கா அவற்றை ஒவ்வொன்றாக வாசித்தார். “பேர் போட்டிருக்கினம்” என்று மட்டும் சொன்னார்.

அருகிலேயே பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். 1856இல் பொன்னம்பல முதலியார் கட்டியதை, அவரது மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை முழுக் கருங்கல்லில் திருப்பிக் கட்டுவித்தார். வெயில் எரிக்கும் வேளையிலும் உள்ளே குளிர்ச்சி. மதியப் பூசைக்குப் பின் நடை சாத்திவிடுவார்கள், அதற்கு முன் போகவேண்டும்.

பிறகு மேட்டில் ஏறி, புனித லூசியாள் பேராலயத்தின் பெரிய கும்மட்டத்தைக் குறியாக வைத்துக் கொட்டாஞ்சேனைக்கு நடந்தோம். ஓர் ஒழுங்கைக்குள் அக்கா நின்றார். கீழே கைத்தொலைபேசிக் கடை, மேலே வீடு. “இதுதான் நாங்கள் இருந்த லொட்ஜ்” என்றார்.

2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். அவர்களில் 85 பேர் பெண்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இதை இடைநிறுத்த, பலர் திரும்பி வந்தார்கள். வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருந்த அக்கா திரும்பி வரவில்லை. வவுனியாவிலிருந்து வன்னிக்கே போனார். பிறகு அங்கே நடந்தவை இதை வாசிக்கும் உங்களுக்குத் தெரியும்.

“அரை மணித்தியாலம் தந்தவை, உடுப்பு எடுக்க. பஸ் ஜன்னலால இந்தக் கும்மட்டம்தான் தெரிஞ்சது” என்றார். சற்றுப் பொறுத்து, “அந்த பஸ்ஸுக்கும் நான் ரிக்கட் எடுக்கேல்லை தங்கச்சி. உங்கட வானுக்கும் நான் ரிக்கட் எடுக்கேல்லை” என்றார்.

சமூகவியலில் பட்டம் பெற்றவள் நான். ‘பங்கேற்பு’ பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அந்த ஒழுங்கையில் எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த பயணத்துக்கான நிகழ்ச்சி நிரலை இப்போது வெறுமையாக வைத்திருக்கிறேன். பெண்களே நிரப்பட்டும்.

முன்னால் ஒரு சைவக் கடையில் பிளேன்ரீயும் வடையும் சாப்பிட்டோம். கழிப்பறை இருக்கிற கடையாகப் பார்த்து நுழைவது முக்கியம், கொழும்பில் பெண்களை வீட்டோடு வைத்திருப்பதில் பாதி அந்தக் கவலைதான். தேநீர் ஆறும்வரை அக்காவுக்கு இரண்டு சிங்களச் சொற்கள் சொல்லிக் கொடுத்தேன். ‘கீயத’ என்றால் எவ்வளவு, ‘தெகக்’ என்றால் இரண்டு.

மட்டக்குளியிலிருந்து வருகிற 155ஆம் இலக்க பஸ் வந்தது. நான் காசை எடுக்க முன்னரே அக்கா நடத்துநரிடம் தாளை நீட்டி, “வெள்ளவத்தை தெகக்” என்றார். அவர் இரண்டு ரிக்கட் கிழித்துக் கொடுத்தார். ஒன்றை எனக்குத் தந்துவிட்டு, மற்றதை இரண்டாக மடித்து அடையாள அட்டை உறைக்குள் வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் போய் இருந்தார்.