பையில் இருக்கும் போன் என்ன செய்கிறது?

செல்போனில் ஒரு ஆப்பைத் திறந்துவிட்டு இன்னொன்றுக்குப் போனால், முதல் ஆப் என்ன ஆகிறது? பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பஸ்ஸிலும் கேன்டீன் வரிசையிலும் ஆப்களை விரலால் ஒவ்வொன்றாக மேலே தள்ளி மூடும் பழக்கம் அப்படி வந்ததுதான். (சிலருக்கு இது நகம் கடிப்பது மாதிரி.) உண்மையில் ஐபோனில் திரையை விட்டு விலகிய ஆப் பெரும்பாலும் சில நொடிகளில் உறைந்துவிடும். நினைவகத்தில் இருக்கும், ஆனால் எந்த வேலையும் செய்யாது. அதை மூடிவிட்டு மறுபடி திறந்தால் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். அதற்குத்தான் பேட்டரி கூடுதலாகச் செலவாகும்.

ஏன் இத்தனை கண்டிப்பு? வணிகவியல் மாணவர்களுக்கு இது எளிதாகப் புரியும். எல்லாம் மாறாச் செலவுக் கணக்கு. ஒரு ஆப் சர்வரிடம் "புதுசா ஏதாவது உண்டா?" என்று கேட்க அனுப்பும் தகவல் மிகச் சிறியது. ஆனால் அதற்காகப் போனின் ரேடியோ விழிக்க வேண்டும். விழித்த ரேடியோ உடனே தூங்காது. இன்னும் ஏதாவது வருமோ என்று பல நொடிகள் காத்திருக்கும். அந்தக் காத்திருப்புக்குத்தான் மின்சாரம் வீணாகிறது. பத்து ஆப்கள் பத்து வெவ்வேறு நேரத்தில் கேட்டால் பத்துக் காத்திருப்பு. ஒரே நேரத்தில் கேட்டால் ஒன்றுதான். ஒரு பார்சலுக்கு ஒரு லாரி அனுப்பும் கம்பெனி எத்தனை நாள் தாங்கும்?

2008-ல் ஆப் ஸ்டோர் வந்தபோது வெளியார் ஆப்களுக்குப் பின்னணியில் இடமே கிடையாது. 2009-ல் புஷ் நோட்டிபிகேஷன் வந்தது. 2010-ல் பாட்டு, இருப்பிடம், இணைய அழைப்பு என்று எண்ணிச் சில வேலைகளுக்கு மட்டும் கதவு திறந்தது. ஆண்ட்ராய்டு எதிர்த் திசையில் வந்தது. ஆரம்பத்தில் எல்லோரையும் ஓட விட்டது, பிறகு ஒவ்வொன்றாக இறுக்கியது. 2014-ல் வேலைகளைச் சேர்த்துச் செய்யும் ஜாப் ஷெட்யூலர், 2015-ல் போன் அசையாமல் கிடந்தால் எல்லாவற்றையும் தள்ளிப்போடும் டோஸ், 2017-ல் ஆண்ட்ராய்டு 8-ன் கட்டுப்பாடுகள். இன்று ஆண்ட்ராய்டில் இதற்கென்றே இருக்கும் வொர்க்மேனேஜரில், திரும்பத் திரும்ப நடக்கும் வேலைக்குக் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம். அதுவும் சரியாக 15-வது நிமிடத்தில் நடக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. எப்போது என்பதைப் போன்தான் முடிவு செய்யும்.

இதெல்லாம் நிரல் எழுதுகிறவர்களின் தலைவலி என்று விட்டுவிடலாம்தான். ஆனால் 2020-ல் இது அரசாங்கங்களின் தலைவலியாகவும் ஆனது.

கொரோனா பரவியபோது, அருகில் யார் யார் இருந்தார்கள் என்று புளூடூத் வழியாகக் குறித்துவைக்கும் ஆப்பை மார்ச் மாதமே சிங்கப்பூர் வெளியிட்டது. பெயர் டிரேஸ்டுகெதர். யோசனை நல்லதுதான். ஆனால் ஐபோனில் ஆப் பின்னணிக்குப் போனதும் அதன் புளூடூத் குரல் அடங்கிவிடும். இரண்டு பேரின் ஐபோன்களும் பையில் இருந்தால், பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாலும் ஒன்றையொன்று அறியாது. ஆகவே ஆப்பைத் திறந்தே வைத்திருங்கள் என்று மக்களிடம் சொல்ல வேண்டியதாயிற்று. சட்டைப்பையில் திறந்த ஆப்போடு எத்தனை பேர் ஊர் சுற்றுவார்கள்?

ஏப்ரலில் பிரான்ஸ் அரசு இந்தத் தடையைத் தளர்த்தும்படி ஆப்பிளிடம் வெளிப்படையாகவே கேட்டது. ஆப்பிள் தளர்த்தவில்லை. அதற்குப் பதில் கூகுளோடு சேர்ந்து, போனின் இயங்குதளமே புளூடூத் வேலையைச் செய்யும் ஏற்பாட்டை மே 20-ல் கொடுத்தது. நிபந்தனை ஒன்று உண்டு: யார் யாரைச் சந்தித்தார்கள் என்ற பட்டியல் அரசின் சர்வருக்குப் போகாது, போனிலேயே இருக்கும்.

பிரிட்டன் இதை ஏற்காமல் சொந்த வழியில் ஆப் செய்து ஒயிட் தீவில் சோதித்தது. ஆண்ட்ராய்டு போன்களில் 75 சதவீதத்தைக் கண்டுகொண்ட அந்த ஆப், ஐபோன்களில் கண்டுகொண்டது வெறும் 4 சதவீதம். ஜூன் 18-ல் கைவிட்டார்கள். ஆப்பிள்-கூகுள் முறை 99 சதவீதத்தைக் கண்டுகொண்டது, ஆனால் தூரத்தைச் சரியாகக் கணிக்கவில்லை என்று அரசு குறை சொன்னது. குறை சொன்னாலும் செப்டம்பர் 24-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வந்தது அந்த முறையில் செய்த ஆப்தான்.

மக்களின் அந்தரங்கத்தைக் காத்த முடிவு என்று இதைப் பாராட்டலாம். ஆனால் பேட்டரிக்காகவும் பாதுகாப்புக்காகவும் எழுதிய ஒரு விதி, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகளின் சுகாதாரத் திட்டத்தை வளைக்க முடிந்தது என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

சிங்கப்பூர் மட்டும் வேறு வழி பார்த்தது. போனை நம்பாமல், அந்த ஒரே வேலையைச் செய்யும் சின்ன டோக்கன் ஒன்றைத் தயாரித்து, 2020 ஜூன் கடைசியில் முதலில் முதியவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. அதற்குத் திரை கிடையாது, வேறு ஆப்களும் கிடையாது. பையிலோ கழுத்திலோ கிடந்தபடி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.