பிரௌனியின் முதுகு

நாய்க்காகச் செலவழிக்கும் காசைப் பற்றிப் பேச நம்மவர் மத்தியில் இன்னும் ஒரு கூச்சம் உண்டு. மனிதருக்கே மருந்து தட்டுப்பாடாக இருக்கும் காலத்தில் அந்தச் செலவு வந்து சேர்ந்தால் கூச்சம் இரட்டிப்பாகும். எங்களுக்கு அது 2022இல் வந்தது. ரூபாவின் பெறுமதி சரிந்து, மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை கொழும்பு இருளில் கிடந்த ஆண்டு அது.

எங்கள் பிரௌனி டாஷ்ஹண்ட் இனத்தவன். நீண்ட உடல், குட்டைக் கால்கள். பாட்ஜர் என்னும் விலங்கை வளைக்குள் துரத்திப் பிடிப்பதற்காக ஜேர்மனியில் வளர்த்தெடுக்கப்பட்ட இனம். அந்தக் குட்டைக் கால்களோடு ஒரு சாபமும் சேர்ந்தே வருகிறது. காலைக் குறுக்கும் மரபணுவின் மேலதிகப் பிரதியொன்று, முள்ளந்தண்டென்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளையும் இளவயதிலேயே இறுகச் செய்துவிடுகிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் இதை வெளியிட்டனர். இறுகிய வட்டு ஒருநாள் பிதுங்கி முண்ணாணை நெரிக்கும். டாஷ்ஹண்டுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு இந்த நோய் வருகிறது.

பிரௌனியின் பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னத் தொடங்கியதும் அவனை முச்சக்கர வண்டியில் ஏற்றி மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றோம். வைத்தியர் அவனது பின்னங்கால் விரலை இறுக நசுக்கினார். அவன் திரும்பிப் பார்த்து வீறிட்டான். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். வைத்தியரோ, "ஐயா, இது நல்ல செய்தி" என்றார்.

ஆழ்ந்த வலியை உணர்கின்ற நாய்க்குத் தேறிவர நல்ல வாய்ப்பு உண்டு. அந்த உணர்வும் போய்விட்டால் தாமதிக்காமல் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும். அப்போதுங்கூட, ஏறத்தாழப் பாதி நாய்களே மீண்டும் நடக்கின்றன. ஸ்கேன் படத்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் அவர் சொன்ன மதிப்பீடு எனது மூன்று மாத ஓய்வூதியத்தைத் தாண்டியது. "இவன் தள்ளாடினாலும் நடக்கிறான். முதலில் கூட்டு ஓய்வைப் பார்ப்போம். நிலைமை மோசமானால் அன்றைக்கே கொண்டு வாருங்கள்" என்றார்.

மகள் ரொறன்ரோவிலிருந்து அழைத்தாள். "காசைப் பற்றி யோசிக்காதேங்கோ அப்பா, நான் அனுப்புறன்." பக்கத்து வீட்டு நண்பர் வேறு விதமாகச் சொன்னார்: "மனிசருக்கே மருந்தில்லை, நாய்க்கு என்ன வைத்தியம்?" இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அந்த நியாயங்கள் மோதியது மருந்தகத்தில். பிரௌனிக்கு எழுதிய கபபென்ரின் மனிதருக்கும் கொடுக்கும் மாத்திரை. எனக்கு முன்னால் நின்ற மூதாட்டியும் நீரிழிவினால் எரியும் கால்களுக்கு அதையே கேட்டார். இருந்தது சிறிதளவு. நான் ஐந்து நாளுக்கு மட்டும் வாங்கினேன். இதை வைத்தியரிடம் தொலைபேசியில் சொன்னபோது, "மாத்திரை வலியைத்தான் குறைக்கும், முதுகை ஆற்றுவது ஓய்வு" என்றார். வீட்டில் மிஞ்சியிருக்கும் வேறு வலி மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம் என்றும் எச்சரித்தார். ஸ்டீரொய்ட்டையும் சாதாரண வலிநிவாரணியையும் ஒன்றாகக் கொடுத்தால் நாயின் இரைப்பை புண்ணாகும்.

ஆறு வாரம் அவன் கூட்டுக்குள் இருந்தான். மலசலத்துக்கு மட்டும் வெளியே வருவான். வயிற்றுக்குக் கீழே ஒரு துவாயைக் கொடுத்துத் தாங்கி நடத்துவோம். கட்டிலில் ஏற்றம் இல்லை, படி இல்லை, பாய்ச்சல் இல்லை. மின்சாரமற்ற இரவுகளில் அவன் முனகும்போது மனைவி கூட்டருகில் பாய் விரித்துப் படுத்தாள். அந்தச் சிகிச்சைக்கு எவரும் பற்றுச்சீட்டுத் தரவில்லை.

அறுவைச் சிகிச்சை வேண்டியதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. வேண்டிய நாய்க்கு அதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் பெரும் விலை சொல்லப்படும் அந்தக் கணத்தில், வெட்கமோ பாசமோ முடிவெடுக்கக் கூடாது. வலி உணர்வு இருக்கிறதா, காத்திருந்தால் என்ன நடக்கும், எந்த அறிகுறி கண்டால் ஓடி வரவேண்டும் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டபின் எடுக்கும் முடிவுதான் நிற்கும். செலவழிக்க இயலாதவர் பாசமற்றவர் அல்லர்.

பிரௌனி இப்போது சற்றுச் சாய்ந்து நடக்கிறான். வட்டு மீண்டும் பிதுங்கலாம் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்காக மாதந்தோறும் ஒரு சிறு தொகையை எடுத்து வைக்கிறோம். மகள் அனுப்பிய காசும் அதில்தான் இருக்கிறது.