பிச்சாவரம் முதல் கோடியக்கரை வரை: கடைமடையைத் தாண்டி ஒரு பயணம்

சம்பா அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணமும் கைக்கு வந்துவிட்டால், டெல்டா விவசாயிக்குத் தை கடைசியில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். தெளித்துவிட்ட உளுந்தும் பயறும் பனி ஈரத்திலேயே வளர்ந்துகொண்டிருக்கும். அந்த இரண்டு நாளில் ஊட்டிக்கு ஓடுவதைவிட, வயலில் பாய்ந்த காவிரித் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று பிள்ளைகளோடு பார்த்துவரலாம். சிதம்பரத்தில் தொடங்கிக் கடலோரமாகத் தெற்கே இறங்கினால் போதும்.

சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் பிச்சாவரம். வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவில் கிடக்கும் அலையாத்திக் காடு இது. மோட்டார் படகு பெரிய வாய்க்கால்களோடு நின்றுவிடும். துடுப்புப் படகு எடுத்தால்தான் சுரபுன்னையின் வேர்கள் வளைந்து குகை மாதிரி கவிந்திருக்கும் குறுகிய சந்துகளுக்குள் போக முடியும். குனிந்துதான் உட்கார வேண்டும். பிள்ளைகளுக்கு அதுவே பெரிய சாகசம். ஆனால், இலையையோ கிளையையோ ஒடிக்க விடக் கூடாது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரமும் இந்தக் காட்டில்தான் இருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

இந்தக் காட்டில் விவசாயி கவனித்துப் பார்க்க வேண்டிய விஷயம் வேறொன்று உண்டு. வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே கூறு கூறாக மரங்களை மொட்டையடித்ததில், பல இடங்களில் காடு மறுபடி முளைக்கவே இல்லை. நிழல் போனதும் ஈரம் காய்ந்து மண் அமுங்கியது. பள்ளத்தில் ஏறிய கடல்நீர் வடிய வழியில்லாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு கூடிக்கொண்டே போனது. கன்று வைத்தாலும் கருகியது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990-களில் கிராம மக்களோடு சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டின. நடுவில் ஒன்று, இரு பக்கமும் சாய்வாகக் கிளைகள். ஓதம் ஏறும்போது தண்ணீர் உள்ளே வந்து, இறங்கும்போது உப்பைக் கழுவிக்கொண்டு வெளியேறியது. அதன் பிறகு நட்ட கன்றுகள் பிழைத்தன. உவர் வயலுக்கு வடிகால்தான் முதல் மருந்து என்று தெரிந்தவருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 2004 சுனாமியின்போது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது.

அங்கிருந்து சீர்காழி வழியாகப் பூம்புகார், தரங்கம்பாடி. மேட்டூரிலிருந்து புறப்பட்ட காவிரி, பூம்புகாரில் ஒடுங்கிப்போய்க் கடலில் கலப்பதைப் பார்த்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டை, கடலைப் பார்த்தபடி நிற்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இறங்கலாம்.

காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி தாண்டியதும் வருவது அசல் கடைமடை. வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு என்று காவிரியின் கிளைகளும் வடிகால்களும் இந்தப் பக்கத்தில்தான் கடலைத் தேடுகின்றன. கடல்நீர் ஏறாமல் தடுக்கக் கதவணைகள் உண்டு. மேலே இருந்து தண்ணீர் வராத வருஷத்தில் உப்பு எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். கரையோர மணல் மேட்டிலோ கதை வேறு. அங்கே மழைநீர் நல்ல நீராக மேலாகவே நிற்கும். மா, முந்திரி, முல்லை எல்லாம் அதை நம்பித்தான். நாலுவேதபதி மக்கள் 2002-ல் ஒரே நாளில் 80,244 மரக்கன்றுகள் நட்டு கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தார்கள். இரண்டே வருஷத்தில் சுனாமி வந்தபோது அந்தத் தோப்புதான் ஊருக்கு முன்னால் நின்றது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியதும் இந்தக் கரையில்தான். தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்தன. நெல் போனால் அடுத்த போகத்தில் எடுத்துவிடலாம். தென்னை போனால் எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும்! சாலையோரத் தோப்புகளில் உயரம் குறைந்த தென்னைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால், அவை எப்போது வைத்த கன்று என்று யாரும் சொல்லாமலே புரியும்.

வேதாரண்யத்துக்கு அப்பால் அகத்தியம்பள்ளியில் உப்பளங்கள். வயலில் எதிரியாக இருக்கும் உப்பு, இங்கே பாத்தி கட்டி விளைவிக்கும் வெள்ளாமை. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து நடந்து வந்த ராஜாஜியும் தொண்டர்களும் உப்பு அள்ளிய இடத்தில் நினைவுத்தூண் இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கோடியக்கரை சரணாலயம். 1967-ல் அறிவித்த இந்தக் காட்டில் வெளிமான்கள் கூட்டமாக மேயும். மட்டக் குதிரைகளும் திரியும். பூநாரைகளைப் பார்க்கக் காலையில் சீக்கிரமே கிளம்ப வேண்டும். வெயில் ஏறினால் சதுப்பில் கானல் எழுந்து எதுவும் தெளிவாகத் தெரியாது. மார்ச் கடைசிக்குள் பெரும்பாலான வலசைப் பறவைகள் கிளம்பிவிடும்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் மேற்கே முத்துப்பேட்டை. படகில் கோரையாற்றோடு இறங்கினால், இரு கரையிலும் அலையாத்தி மரங்கள் நெருங்கி வந்து, திடீரென்று விலகிக் கடல் போல் விரிந்த காயல் வரும். வனத்துறை அனுமதியை முதல் நாளே விசாரித்துக்கொள்வது நல்லது. குடிதண்ணீரும் சோறும் கட்டி எடுத்துப் போக வேண்டும், காயலுக்குள் கடை கிடையாது.