பெரியப்பாவைப் பார்க்க ரெங்கத்துக்கு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரெங்கம் வேறு, சிம்பாங் ரெங்கம் வேறு. சிம்பாங் ரெங்கம் பழைய நெடுஞ்சாலையில் இருக்கிறது. நான் போனது குளுவாங்குக்குத் தெற்கே, ரயில் பாதையை ஒட்டிய சின்ன ஊருக்கு. ஜொகூருக்குள் ரயில் பாதை 1909இல் முழுமையானது. ரப்பர் தோட்டங்கள் அதையொட்டிப் பெருகின. இப்போது பார்க்கிற இடமெல்லாம் செம்பனைதான்.

பெரியப்பா அப்படியொரு தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா, புதுச்சேரிக்குப் பக்கத்தில் வில்லியனூரிலிருந்து கப்பலேறியவர். என் தங்கை மகள் ஒரு கத்தோலிக்கப் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள். குடும்பத்தில் மூத்தவர் தலையசைக்காமல் பத்திரிகை அடிக்கக் கூடாது என்பது தங்கையின் பிடிவாதம்.

கடைத்தெருவில் பசியாறிவிட்டுப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் பெரியப்பா தேநீரைக் கீழே வைத்தார்.

“புதுச்சேரியில நம்ம ஈஸ்வரன் கோயில இடிச்சவங்கடா அவங்க. எங்கப்பா சொல்லிச் சொல்லி மாஞ்சு போவாரு.”

அது கட்டுக்கதை அல்ல. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நேரத்தில், கவர்னர் டூப்ளே வேதபுரீஸ்வரர் கோயிலை இடிக்கவைத்தார். பக்கத்திலேயே மாதா கோயில் வைத்திருந்த யேசு சபைப் பாதிரிமார்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தது அது. டூப்ளேயின் மனைவியும் அவர்கள் பக்கம். முன்பெல்லாம் இந்தப் பேச்சு எழுந்தால், ஊரைவிட்டே போய்விடுவோம் என்று மக்கள் கிளம்புவார்கள். நெசவாளியும் வியாபாரியும் போய்விட்டால் கம்பெனிக்குப் பிழைப்பேது? போர்க்காலத்தில் அந்தப் பிடி நழுவிவிட்டது. துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை நடந்ததை மனம் நொந்து நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

“உண்மைதான் பெரியப்பா” என்றேன். நான் மறுப்பேன் என்று நினைத்திருப்பார் போலும், நிமிர்ந்து பார்த்தார்.

அதே ரங்கப் பிள்ளையின் குடும்பக் கதையையும் சொன்னேன். அவருக்கு மாமன் முறையான நைனியப்பப் பிள்ளை கம்பெனியின் தலைமைத் துபாஷி. அந்தப் பதவியில் ஓர் இந்து இருப்பது பாதிரிமார்களுக்குப் பிடிக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டு, 1717இல் சிறையிலேயே இறந்தார். மகன் குருவப்பா நியாயம் கேட்டு பாரிஸ் வரை போனார். போன இடத்தில் ஞானஸ்நானம் பெற்று, கத்தோலிக்கராகத் திரும்பி, அப்பாவின் பதவியிலேயே உட்கார்ந்தார். எந்தப் பாதிரிமார்களால் அப்பன் செத்தானோ அவர்கள் மதத்தில்! நம்பிக்கையா, காரியமா? எனக்கு இரண்டும் கலந்ததாகத்தான் படுகிறது.

பெரியப்பா வெகுநேரம் பேசவில்லை. லயத்தில் அவருக்கு அடுத்த கதவு அந்தோணியார் படம் மாட்டிய வீடுதான். கிறிஸ்துமஸ் பலகாரத்தை அங்கே தின்று வளர்ந்தவர். மாரியம்மன் திருவிழாக் கூழுக்கு அந்த வீட்டிலிருந்தும் பாத்திரம் வரும்.

“வில்லியனூர்த் தேர வெள்ளக்கார கவர்னரே வடம் புடிச்சு இழுப்பாராம்” என்றார் திடீரென்று. “அதையும் எங்கப்பாதான் சொன்னாரு.”

தேநீர் ஆறிப்போயிருந்தது. ஒரே மடக்கில் குடித்தார்.

“சரி, தாலி எங்க கட்டுறது? கோயில்லயா, மாதா கோயில்லயா?”

“இன்னும் முடிவாகல பெரியப்பா.”

“பத்திரிகையில எம் பேரு மேல வரணும். எழுத்துப் பிழையில்லாமப் போடச் சொல்லு.”